நாய்ப் படுக்கைக்கு ஒரு பழைய சட்டை

முதல் ஷிப்ட் வாரங்களில் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு வரும்போது விடிந்தும் விடியாமல் இருக்கும். ஏறியதும் நேராகக் கடைசி சீட்டுக்குப் போவேன். பின்கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்ப்பேன். தண்ணீர் டேங்க், ஷட்டர் இறக்கிய மளிகைக்கடை, நடுவில் காது பறக்க ஓடிவரும் என் நாய். "போடா வூட்டுக்கு" என்று உள்ளேயிருந்து கத்துவேன். அவனுக்குக் கேட்காது. கேட்டாலும் மதிக்கிற ஆள் இல்லை அவன்.

எங்கள் பிள்ளைப்பாக்கத்துக்குள் எவ்வளவு ஓடினாலும் எனக்குப் பயமில்லை. தெரு முடிந்து ஒரகடம் ரோடு தொடங்கும் இடத்தில்தான் பயம். கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள வண்டிகளும் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு அங்கே பறக்கும். பெரும்பாலும் ஜங்ஷனுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் அவனுக்கு மூச்சு வாங்கும், நின்றுவிடுவான். பெரும்பாலும்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஷிப்ட் முழுக்க எப்படி வேலை பார்த்தேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

என் வேலை வண்டிகளுக்குப் போகும் வயர்க் கட்டுகளைச் செய்வது. ஆணி அடித்த பெரிய பலகை முன்னால் நின்றுகொண்டு, வயரை ஆணிகளுக்கு நடுவில் ஓட்டி, டேப் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்தக் குடோன் கேட்டில் கிடந்த செம்பழுப்பு நிறக் குட்டியை ஒருநாள் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். நாலு நாள் வைத்திருந்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். நாலாம் நாள் அந்தப் பேச்சையே இரண்டு பேரும் எடுக்கவில்லை. பெயரும் வைத்தோம். அவன் திரும்பிப் பார்த்தது என்னவோ "டேய்" என்று கூப்பிட்டால்தான்.

பிரச்சினை எங்கள் ஷிப்ட். ஒரு வாரம் காலையில் போவேன், ஒரு வாரம் ராத்திரி, ஒரு வாரம் மதியம். அவருக்கும் அப்படியே, ஆனால் வேறு வரிசையில். யார் எப்போது வருவார்கள், எப்போது போவார்கள் என்று நாய்க்கு என்ன, சுவரில் ரோஸ்டரா ஒட்டியிருக்கிறோம்? பாவம், நாள் முழுக்க வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பான். எல்லா போர்ஷன்காரர்களும் போய்வரும் கேட் அது, எத்தனை தடவை சாத்தினாலும் திறந்தே கிடக்கும். உட்காருவான், எழுந்துவிடுவான். பஸ் சத்தம் கேட்டால் உடம்பே ஒருமாதிரி ஆகிவிடும்.

முன் போர்ஷனில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே முறுக்கு கடிப்பார். நானும் வீட்டில் இருக்கும் நேரத்தில் பாத்திரத்தைத் தேய்த்து, தேய்த்ததையே மறுபடி தேய்த்து, அலமாரியைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருப்பவள். "நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு சொல்வாங்க. உங்க வூட்டுல ரெண்டு பேர் அப்டி கீறீங்க" என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டேன், பொய்யா சொன்னார்?

வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார். நாயை வாலாஜாபாத்தில் அவருடைய அம்மா வீட்டில் விட்டுவிடலாம், அங்கே லாரி ஓடுகிற ரோடு பக்கத்தில் இல்லை என்றார். ரோடு இல்லைதான். ஆனால் மாமியார் நாயைத் தென்னை மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, வேளாவேளைக்குச் சோறு வைத்துவிட்டு, தானுண்டு சீரியல் உண்டு என்று இருப்பார். ஒரு நிமிஷம் நிற்காத பிள்ளையை மரத்தில் கட்டினால் அவன் என்ன ஆவான்? நான் முடியாது என்றேன். லாரியில் அடிபட்டால் பரவாயில்லையா என்று கேட்டார். பதில் இல்லாத நேரத்தில் எனக்குக் கோபம்தான் வரும், வந்தது. கடைசியில், பஸ் பின்னால் ஓடுவதை நானே நிறுத்திக் காட்டுகிறேன், முடியாவிட்டால் வாலாஜாபாத்துக்கு அனுப்பலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாய்க்குச் சாமான் செய்வதே என் இரண்டாவது ஷிப்ட் ஆனது. போனில் நாய் வளர்ப்பு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். அதில் வரும் நாய்களெல்லாம் சோபாவில் உட்கார்ந்திருக்கும், கூப்பிட்டால் கை கொடுக்கும். நம்ம ஆள் கையையே கடிப்பவன்.

முதலில் கழுத்துப் பட்டை. வீட்டுக்காரரின் கிழிந்த சேஃப்டி ஜாக்கெட்டிலிருந்து மின்னும் பட்டையைப் பிரித்தெடுத்து, பழைய ஸ்கூல் பேக் வாரின் மேல் வைத்துத் தைத்தேன். இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் தூரத்திலிருந்தே தெரியும். நாய் வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள், செலவே இல்லை. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதுதான் கணக்கு. இது ஒன்றுதான் முதல் தடவையே உருப்படியாக அமைந்தது.

பிறகு விளையாட்டுச் சாமான். பழைய பனியனை மூன்று கீற்றாகக் கிழித்து, ஜடை மாதிரி பின்னி, இரண்டு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். நாய் அதைக் கடித்து இழுத்துக்கொண்டே நாள் முழுக்கப் பொழுதைப் போக்கும் என்றார்கள். டீ கொதிப்பதற்குள் அவன் அதை நூலாக்கிவிட்டான். அடுத்து தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு உள்ளே பொரியை நிரப்பிக் கொடுத்தேன். உருட்ட உருட்டப் பொரி விழும். அவனுக்குப் பிடித்தது, ரொம்பவே பிடித்தது. சிமெண்டுத் தரையில் கடகடவென்று அவன் உருட்டிய சத்தத்தில், நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கும் பக்கத்து போர்ஷன் பையன்கள் எழுந்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கண்களைப் பார்த்ததும் பாட்டிலை நானே எடுத்து ஒளித்துவைத்தேன்.

சரி, நமக்குத் தெரிந்த வித்தையைக் காட்டுவோம் என்று நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற பட்டை ஒன்று செய்ய இறங்கினேன். கம்பெனியிலிருந்து ஒரு துண்டு டேப்கூட வெளியே வராது, கேட்டில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அதனால் எல்லாமே ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். பிளைவுட் பலகையில் ஆணி அடித்து, அவன் நெஞ்சளவை நூலால் எடுத்து, கம்பெனி லைனில் செய்கிற மாதிரியே பட்டைகளை ஆணிகளுக்கு நடுவில் ஓட்டி, வளைவில் தைத்தேன். அவ்வளவு அழகாக வந்தது. மாட்டிக் கயிற்றில் கட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தான், தோளைக் குறுக்கினான், சட்டையைக் கழற்றுகிற மாதிரி பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்டுக்குப் போனான். கம்பெனியில் என் வேலையில் ரிஜெக்ஷன் வருவது அபூர்வம். வீட்டில் நாலு கால் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் படுக்கை வீடியோ வந்தது. தனியாக விட்டால் தவிக்கிற நாய்க்குப் படுக்கைக்குள் நீங்கள் போட்டுக் கழற்றிய துணியை வையுங்கள், உங்கள் வாசனை இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துத் தூங்கும் என்றாள் அதில் வந்த பெண். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு கோணியை வெந்நீரில் அலசிக் காயவைத்தேன். உள்ளே கிழிசல் துணிகளைத் திணித்தேன். பஞ்சும் ஸ்பாஞ்சும் வேண்டாம், கடித்து விழுங்கிவிடுவான். உண்ணி வராமல் அடியில் வேப்பிலை பரப்பினேன். மேலுறைக்கு என் யூனிஃபார்ம் சட்டை. இந்தப் பக்கத்து வீடுகளில் பழைய யூனிஃபார்ம்தான் எல்லாமே. அடுப்புத் துணி, மிதியடி, பைக் துடைக்கும் துணி என எல்லாவற்றுக்கும் அதுதான். நானும் வேறு யோசிக்கவே இல்லை. அன்றைக்குக் கழற்றிய சட்டையைத் துவைக்காமல், பட்டனை எல்லாம் வெட்டியெடுத்துவிட்டு, கோணியின் மேல் வைத்துத் தைத்தேன். வாரத்துக்கு ஒருமுறை அதைப் பிரித்து, புதிதாகப் போட்டுக் கழற்றிய இன்னொரு பழைய சட்டையை மாற்றவும் செய்தேன்.

மோந்து பார்த்தான், மூன்று சுற்று சுற்றினான், படுத்தான், தூங்கினான். பகலில் அவன் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் கேண்டீனில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். நாய் வைத்திருந்த இரண்டு பெண்கள் எப்படித் தைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது மதிய ஷிப்ட் வாரத்தில். காலையில் நான் வீட்டில்தான் இருந்தேன். வாசலில் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியின் பகல்நேர ஜெனரல் ஷிப்ட் பஸ் தெருவுக்குள் நுழைந்தது. மடியில் இருந்தவன் என் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். திறந்திருந்த கேட் வழியாகப் பாய்ந்தான். நான் இங்கே இருக்கிறேனே? என்னைவிட்டு என்னையே தேடிக்கொண்டு இவன் எங்கே போகிறான்? நைட்டிமேல் துண்டுகூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

அன்றைக்கு அவன் வேகத்தடையில் நிற்கவில்லை. பஸ் ஜங்ஷனில் திரும்பியது, அவனும் திரும்பினான். கன்டெய்னர் லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ரப்பர் தீயும் நாற்றம். கண்ணைத் திறந்தபோது அவன் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தான், லாரியின் முகப்புக்குக் கீழே. லாரிக்காரர் திட்டியது எதுவும் என் தலையில் ஏறவில்லை. சத்தம் கேட்டுப் பஸ்ஸும் நின்று கதவு திறந்தது. அவன் ஒரே ஓட்டமாகப் படியேறி உள்ளே போனான்.

மூச்சிரைக்க நான் போய்ப் பார்க்கும்போது, முன் சீட்டில் இருந்த புது டிரெய்னிப் பெண்ணின் மடியில் முகத்தை வைத்திருந்தான். எங்கள் லைன் பெண்கூட இல்லை, அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் போட்டிருந்த யூனிஃபார்ம் சட்டையின் கையை முகர்ந்து முகர்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் "டேய்" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மூக்கை மறுபடி அந்தச் சட்டைக்கையிலேயே வைத்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து இறக்கினேன்.

பஸ் டிரைவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். "இன்னொரு தபா லாரிக்காரன் பிரேக்கு போடமாட்டாம்மா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். சோறு போடுவது யார், உண்ணி எடுப்பது யார், எவளோ ஒருத்தி மடியில் போய்க் குழைகிறாயே, நன்றிக்குப் பேர் போன பிறவியாம், தூ. தெருவே வேடிக்கை பார்த்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்த வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் என்றார். ஆமாம், போகட்டும் என்றேன்.

இனி இந்தப் படுக்கை எதற்கு என்று எடுத்து வெளியே எறியப் போனேன். மூக்குக்கு நேராக வந்ததும் கை நின்றுவிட்டது. டேப் பசை, புது வயர், கேண்டீன் சாம்பார், பஸ் சீட்டின் ரெக்சின். அதையே போட்டுக்கொண்டு திரிகிறவளுக்கு அது தெரிவதே இல்லை. இந்த வாசனையைத்தான் நம்ம வீட்டம்மா என்று வாரக்கணக்கில் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அப்படியென்றால் பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பேர் அவனுக்கு வீட்டம்மாதான். ஒவ்வொரு பஸ்ஸிலும் நாற்பது பேராக நானே ஏறிப்போகிறேன். அவன் பாவம், எந்த என்னைத் துரத்துவான்?

ஒரு வாரம் டைம் கொடுங்கள், வேறு துணி வைத்துப் பார்க்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அலமாரியைத் திறந்தேன். என் வாசனை மட்டும் இருக்கிற துணியாக ஒன்று வேண்டும். கல்யாணப் புடவைகளில் அந்துருண்டை நாற்றம். சுடிதார்களை யூனிஃபார்மோடு ஒரே வாளியில் ஊறவைத்துத் துவைப்பேன். நைட்டியெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் மாட்டிக்கொள்பவை. ஒவ்வொன்றாக முகர்ந்து முகர்ந்து தரையில் எறிந்தேன். வீட்டுக்காரர் முதலில் கேலி செய்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே கிடந்த ஒரு நைட்டியை எடுத்துத் தானும் முகர்ந்தார்.

"இதுலயும் டேப்பு வாசனைதான் அடிக்குது" என்றார். "நான் இவ்ளோ நாளா உன் வாசனையே அதான்னு நெனச்சினு இருந்தேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்தத் துணிக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. அவன் வந்து பக்கத்தில் நின்றான். என்னையா பார்த்தான், கீழே கிடந்த யூனிஃபார்மையா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர், வாலாஜாபாத் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பழைய காட்டன் நைட்டி ஒன்றைத் தனி வாளியில் இரண்டு தரம் அலசி, மொட்டை மாடியில் தனிக் கொடியில் காயப்போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் யூனிஃபார்மை வாசலிலேயே பையில் போட்டுக் கட்டிவிடுவேன். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அந்த நைட்டியைப் போட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகு அதைத் துவைக்கவில்லை. சமைத்தேன், வியர்த்தேன், அதிலேயே தூங்கினேன். ஆனாலும் அதில் இருந்த நேரம் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றேன். சூப்பர்வைசர் என்ன காரணம் என்று கேட்டார். நாய்க்காக வீட்டில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் விசேஷம் என்றேன். யாருக்கு என்றார். எனக்குத்தான் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எப்படி இருப்பது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாவு அரைத்தேன், மீன் குழம்பு வைத்தேன், மறுபடி அலமாரியை அடுக்கினேன். உட்கார்ந்தால் விரல்கள் தானாக எதையோ சுற்றிக்கொண்டிருந்தன. என்னோடு சேர்ந்து அவனும் அறைக்கும் வாசலுக்கும் நடந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் தரையில் படுத்தேன். அவன் வந்து கழுத்துக்குக் கீழே, நைட்டியில் மூக்கைப் புதைத்துக்கொண்டான். அந்த மூச்சு சூடாக இருந்தது. எனக்கு எப்போது தூக்கம் வந்தது என்றே தெரியாது. எழுந்தபோது சாயங்காலம். நைட்டியைக் கழற்றி, கோணியில் வைத்து, கெட்டியாகத் தைத்தேன்.

திங்கட்கிழமை மறுபடி முதல் ஷிப்ட். பஸ் ஹாரன் கேட்டது. யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு கையில் கயிற்றோடு தயாராக நின்றேன். அவன் தலையைத் தூக்கினான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். என் நீட்டிய கையை, அந்தச் சட்டைக்கையை, ஒருதரம் மோந்து பார்த்தான். பிறகு நைட்டிமேல் தலையை வைத்து, பெருமூச்சுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கயிறு தேவைப்படவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போய் ஏறினேன்.

கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்கண்ணாடியைத் துடைத்தேன். தண்ணீர் டேங்க், மளிகைக்கடை, காலித் தெரு. வேகத்தடை வந்தது. அவன் வரவில்லை. இதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டாய், சந்தோஷப்படேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லையோ என்று பக்கத்து ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பஸ் ஜங்ஷனில் திரும்பும்போதும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்.

"தலைய உள்ள எடும்மா. லாரி வருது."